கேன்வாஸ்ல ஏத்துன போட்டோ ஏன் திட்டுத்திட்டா உரிஞ்சுது: ஒரு நிகழ்வு ஆய்வு

மொதல்ல கேஸ சொல்லிடறேன். பழக்கமான அக்கா ஒருத்தங்க அவங்க அப்பா அம்மாவோட பழைய கறுப்பு வெள்ளை ஸ்டூடியோ போட்டோவ கேன்வாஸ்ல ஏத்தி ஹால் சுவத்துல மாட்டணும்னு ஆரம்பிச்சாங்க. 12க்கு 16 இன்ச் ரெடிமேட் கேன்வாஸ், பிரிண்ட் கடைல அதே அளவுல எடுத்த லேசர் பிரிண்ட், ஒட்டறதுக்கு ஒரு டப்பா ஜெல் மீடியம், அவ்ளோதான் சாமான். படத்த இடவலமா திருப்பி பிரிண்ட் எடுத்துருக்காங்க, அது சரி, ஏன்னா பிரிண்ட கவுத்து ஒட்டறதால திருப்பலேன்னா ஆள் கண்ணாடில தெரியற மாதிரி மாறிடும், எழுத்து இருந்தா படிக்கவே முடியாது. கேன்வாஸ் மேல ஜெல் தடவி, பிரிண்ட கவுத்து வெச்சு, கையால அழுத்தி, ராத்திரி முழுக்க விட்டு, காலைல தண்ணி தெளிச்சு பேப்பர தேச்சு எடுத்துருக்காங்க. வீடியோல எல்லாம் இப்படித்தான் காட்டுறாங்க, படம் பளிச்சுனு வந்து நிக்கும். இவங்களுக்கு வந்தது வேற. அம்மா முகத்துல பாதி இல்ல, அப்பா போட்டிருக்கற கோட்டு முழுக்க வெள்ளைப் புள்ளி, ஒரு மூலை தோலா உரிஞ்சு வந்துருச்சு, மிச்சம் இருக்கறதும் மாவு தூவின மாதிரி மங்கலா இருந்துச்சு.

"ரொம்ப அழுத்தி தேச்சுட்டேன் பா, அடுத்த தடவ மெதுவா தேய்க்கணும்" அப்படின்னாங்க. இந்த வேலை சொதப்புன எல்லாருமே சொல்றது இதான். நான் கேன்வாஸ வாங்கி பாத்த வரைக்கும், தேச்சதால போனது ரொம்ப கொஞ்ச இடம்தான். மிச்ச சேதம் எல்லாம் பேப்பர்ல தண்ணி படறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சுருச்சு, தேய்க்கறப்ப வெளில தெரிஞ்சுது, அவ்ளோதான். இத ஏன் இவ்ளோ உறுதியா சொல்றேன்னா எந்த இடத்துல போயிருக்கு, எந்த வடிவத்துல போயிருக்குன்னு பாத்தாலே காரணம் தெரிஞ்சுடும்.

அதுக்கு முன்னாடி எது எதுல ஒட்டுதுன்னு ஒரு நிமிஷம் பாத்துடுவோம். லேசர் பிரிண்டர்ல இருக்கறது மை இல்ல, டோனர், அதாவது நிறம் கலந்த பிளாஸ்டிக் பொடி. அது பேப்பர் மேல விழுந்து, சூடான உருளைக்கு நடுவுல போறப்ப உருகி ஒட்டிக்குது. பிளாஸ்டிக்கா இருக்கறதால தண்ணில கரையாது, அதான் இந்த மொத்த வித்தைக்கும் ஆதாரம். ஜெல் மீடியம்ங்கறது நிறம் போடாத அக்ரிலிக் பெயிண்ட், ஈரமா இருக்கறப்ப பால் மாதிரி வெள்ளை, காஞ்சா தெளிவா ஆயிடும். காயறப்ப டோனர கெட்டியா பிடிச்சுக்கும். அப்பறம் பேப்பர நனைச்சா அதோட நார் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பிடிச்சுட்டு இருக்கறது விட்டுப்போயி திரி திரியா உருண்டு வந்துடும், டோனர் ஜெல்லோட தங்கிடும். ஆக டோனருக்கு ஜெல்லோட இருக்கற பிடி பேப்பரோட இருக்கற பிடிய விட ஜாஸ்தியா இருக்கணும், படம் பூரா, ஒவ்வொரு புள்ளிலயும். எங்க அந்தப் பிடி விழலையோ அங்க எவ்ளோ பூப்போல தேச்சாலும் பேப்பரோடதான் போகும்.

சும்மா ஒரு தகவல், டோனர் பொடிங்கறது பொறந்ததே ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு படத்த மாத்துறதுக்குத்தான். 1938 அக்டோபர் 22ல செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்ல இருக்கற அஸ்டோரியால மொத ஜெராக்ஸ் எடுத்தப்ப, கந்தகம் பூசின துத்தநாகத் தகட்டுல பொடிய ஒட்டவெச்சு, அத மெழுகுத்தாள்ல அழுத்தி எடுத்து சூடுகாட்டி நிக்க வெச்சாரு. நம்ம டோனர் பொடிய இன்னும் ஒரு தடவ எடம் மாத்துறோம்.

இங்க்ஜெட் பிரிண்ட்னா கதையே வேற. அந்த மை தண்ணில கரைஞ்சதோ தண்ணில மிதக்கறதோதான், ஈரமான ஜெல் பட்டதும் ஊறி கசிஞ்சுடும், கறுப்பு இருந்த இடத்துல ஊதா வழியும். அக்கா கேன்வாஸ்ல அந்தக் கசிவு எங்கயும் இல்ல, கடைக்காரர் லேசர்லதான் எடுத்துக் குடுத்துருக்காருன்னு அதுலயே தெரிஞ்சுது.

சேதத்த படிக்கறது

கேன்வாஸ மேஜைல படுக்க வெச்சு ரூம் லைட்ட அணைச்சுட்டு செல்போன் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு பாத்தோம். இத யாரும் செய்யறதில்ல, ஆனா இதான் மொத வேலை. நேரா பாத்தா எல்லா ஓட்டையும் ஒரே மாதிரி வெள்ளையா தெரியும். சாய்ச்சு அடிச்சா ஓட்டைக்குள்ள வழுவழுன்னு மினுக்குதா, இல்ல சொரசொரன்னு கேன்வாஸ் தெரியுதான்னு பிரிச்சு பாக்கலாம். மினுக்குச்சுன்னா ஜெல் அங்கயே இருக்கு, டோனர் அத தொடவே இல்லன்னு அர்த்தம். சொரசொரன்னா ஜெல்லோட சேந்து உரிஞ்சு வந்துருக்கு. ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

மொதல்ல கண்ணுல பட்டது முகம் இருக்கற நடுப்பகுதி. சுத்தி நாலு பக்கமும் ஓரத்துலேர்ந்து ஒரு ஒன்றரை இன்ச்சுக்கு படம் அட்டகாசமா ஏறியிருக்கு, ஒரு முடி கூட போகல, உரிஞ்ச அந்த ஒரு மூலை தவிர. அந்த எல்லையத் தாண்டினதும் பொத்தல். அந்த எல்லை ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி நேரா இருந்துச்சு. கேன்வாஸ திருப்பிப் பாத்தா விஷயம் புரிஞ்சுடுச்சு, பின்னாடி இருக்கற மரச்சட்டம் எவ்ளோ அகலமோ அவ்ளோதான் நல்லா வந்த பகுதி. சட்டத்துக்கு மேல அழுத்தினப்ப கீழ கெட்டியா தாங்கல் இருந்துச்சு, பேப்பரும் ஜெல்லும் நல்லா சேந்துச்சு. நடுவுல துணி அந்தரத்துல இருக்கு, அழுத்தினா உள்ள போயிட்டு கைய எடுத்ததும் திரும்ப மேல வருது, பேப்பர் அங்கங்க விலகி நின்னுடுது. அழுத்தி தேச்சதுதான் காரணம்னா ஓரத்துலயும் கொஞ்சமாவது போயிருக்கணுமே, சட்டம் இருக்கற இடமா பாத்து விட்டு வெச்சிருக்காது. இதுக்கு வைத்தியம் ரொம்ப சின்னது, சட்டத்துக்குள்ள சரியா அடங்கற மாதிரி அட்டையோ புக்கோ அடுக்கி துணிக்கு கீழ முட்டுக் குடுத்துட்டு அப்பறம் அழுத்தணும். எனக்கு என்ன ஆச்சரியம்னா இத சொல்லிக்குடுக்கறவங்க ரொம்ப கம்மி, பல பேர் மரப்பலகைல செஞ்சு காட்டிட்டு கேன்வாஸ்லயும் இப்படித்தான்னு முடிச்சுடறாங்க.

ரெண்டாவது, கோட்டு மேல இருந்த வெள்ளைப் புள்ளி. உத்துப் பாத்தா அது கண்டபடி இல்ல, வரிசையா, வலை மாதிரி, துணியோட நெசவு எப்படி ஓடுதோ அப்படியே. கேன்வாஸ்ல இழை மேல ஏறி கீழ இறங்கி போகும், மேட்டுல மட்டும் பேப்பர் உக்காந்து பள்ளத்த தொடாம பாலம் கட்டிடும். வெளிர் நிறம் இருக்கற இடத்துலயும் இதே புள்ளி இருக்கும், ஆனா கீழ இருக்கற கெஸ்ஸோவும், அதாவது துணி மேல அடிப்பூச்சா பூசற வெள்ளை அக்ரிலிக்கும், வெள்ளைங்கறதால தெரியாது, கறுப்பு கோட்டுல மானம் போகும். ரெடிமேட் கேன்வாஸ்ல கம்பெனிக்காரங்க கெஸ்ஸோ பூசித்தான் தர்றாங்க, பெயிண்ட் அடிக்க அது போதும், போட்டோ ஏத்த பத்தாது. இன்னும் ரெண்டு மூணு கோட் கெஸ்ஸோ பூசி, ஒவ்வொண்ணும் காஞ்சப்பறம் 220லேர்ந்து 400 நம்பருக்குள்ள நைஸ் உப்புத்தாள் போட்டு தேச்சு, விரல் ஓட்டினா நெசவு தட்டுப்படாத அளவுக்கு கொண்டுவரணும். சில பேருக்கு அந்த நெசவு தெரியறதுதான் அழகு, பழசு மாதிரி இருக்கும்னு வேணும்னே விடுவாங்க. மலை, தெரு, கட்டடம்னா நானும் விடுவேன். முகம்னா மாட்டேன், கண்ணுல ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தா பார்வையே மாறிடுது.

மூணாவது, வட்ட வட்டமா, ஓரம் சுத்தமா வெட்டின மாதிரி சின்ன ஓட்டைங்க, டார்ச் அடிச்சா உள்ள மினுக்குது. காத்துக் குமிழி. உள்ளங்கைய வெச்சு அழுத்தினா காத்து வெளில போகாது, இங்கேர்ந்து அங்க நகரும். ரப்பர் ரோலரோ பழைய ஏடிஎம் கார்டோ எடுத்து நடுவுலேர்ந்து ஓரத்துக்கு தள்ளிட்டே போகணும், ஓரத்துல ஜெல் பிதுங்கி வந்தா உடனே தொடைச்சுடணும், அது பேப்பரோட முதுகுல பட்டு காஞ்சுடுச்சுன்னா அந்த இடத்துல தண்ணி உள்ள இறங்காது, பேப்பர் பிளாஸ்டிக் பூசின மாதிரி அப்படியே நிக்கும்.

நாலாவது, தோலா உரிஞ்ச மூலை. இங்க மட்டும்தான் சொரசொரப்பு தெரிஞ்சுது, அதாவது ஜெல்லே போயிருச்சு. அக்காட்ட கேட்டப்ப அந்த மூலைல மிச்சம் இருந்த ஜெல்ல கொட்டி வழிச்சு விட்டேன்னாங்க. தடிமனா இருந்துருக்கு. அக்ரிலிக் காயறதுங்கறது ரெண்டு கட்டமா நடக்கற விஷயம், மொதல்ல தண்ணி ஆவியாகும், அப்பறம் உள்ள இருக்கற பிளாஸ்டிக் துளிங்க நெருங்கி ஒண்ணோட ஒண்ணு கலந்து படலமா ஆகும். நம்ம கேஸ்ல கீழ கேன்வாஸ், மேல பேப்பர், தண்ணி போறதுக்கு வழியே பேப்பர் வழியாத்தான். மெல்லிசா தடவின இடம் ஒரு ராத்திரில தேறிடுச்சு, தடிச்ச மூலை மேலாக்க காஞ்சு உள்ள பச்சையாவே இருந்துருக்கு, தண்ணி பட்டதும் திரும்ப பால் மாதிரி வெளுத்து இளகி வந்துடுச்சு. முழுசா ஒரு நாளாவது விடணும், காத்துல ஈரம் ஜாஸ்தின்னா இன்னும் கூட. ரொம்ப குளிர், ஒரு 10 டிகிரிக்கு கீழன்னா அந்தத் துளிங்க ஒழுங்கா சேரவே சேராது, எவ்ளோ நாள் விட்டாலும் பலம் வராது. ஹேர் டிரையர் போட்டா சீக்கிரம் காயும்னு சொல்றதும் முழு உண்மை கிடையாது, மேல காயும், உள்ள இருக்கறது உள்ளயே மாட்டிக்கும்.

கடைசியா அந்த மங்கல். அக்கா ரொம்ப நொந்தது இதுலதான். தேய்க்கறப்ப ஈரத்துல படம் பளபளன்னு இருக்கு, அப்பாடா முடிஞ்சுதுன்னு வெச்சா காஞ்சதும் வெள்ளையா பூத்துடுது, திரும்ப நனைச்சு தேக்கறது, திரும்ப பூக்கறது. மிஞ்சி இருக்கறது மெல்லிசான பேப்பர் நார். நாருக்கு நடுவுல காத்து இருந்தா வெளிச்சம் பட்டு சிதறும், வெள்ளையா தெரியும். அந்த இடைவெளில தண்ணி ஏறினா சிதறல் குறையும், படம் தெரியும், தண்ணி போனதும் பழைய குருடி கதவத் திறடின்னு ஆயிடும். பேப்பர்ல எண்ணெய் பட்டா அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகும்ல, அதே சங்கதிதான். நாரோட ஒளிவிலகல் எண் 1.5 கிட்ட, தண்ணிக்கு 1.33, அக்ரிலிக்குக்கு 1.49 சுமார், அதனால காத்து இருந்த எடத்துல தெளிவான அக்ரிலிக் ஏறி காஞ்சுதுன்னா அந்த நார் கண்ணுக்கு மறைஞ்சே போயிடும், திரும்ப பூக்காது. ஆக கடைசி நார் வரைக்கும் தேச்சு எடுக்கணும்னு அவசியமே இல்ல, மெல்லிசா ஆனதும் நிறுத்திட்டு கிளாஸ் மீடியம், அதாவது காஞ்சா பளபளன்னு நிக்கற அக்ரிலிக் மீடியம், ஒரு கோட் குடுத்தா போதும். இது தெரியாம அக்கா விடாம தேச்ச இடம் கோட்டோட தோள்பட்டை, அங்க விரல் ஓடின தடமே நீளக் கோடா இருந்துச்சு. அதிகமா தேச்சதால போனதுன்னு சொல்லணும்னா அது மட்டும்தான்.

சரியான்னு பாத்தது

சும்மா வாய்ல சொன்னா நம்ப மாட்டாங்கன்னு, மிச்சம் இருந்த பிரிண்ட துண்டு துண்டா வெட்டி சின்ன கேன்வாஸ்ல ஏத்திப் பாத்தோம், ஒரு சமயத்துல ஒரு விஷயம் மட்டும் மாத்தி. கீழ முட்டு குடுத்ததுல நடு பொத்தல் இல்ல, குடுக்காததுல இருந்துச்சு. உப்புத்தாள் போட்டதுல நெசவுப் புள்ளி போயிருச்சு. ஒரு ராத்திரி மட்டும் விட்டது தடிச்ச எடத்துல உரிஞ்சுது, அதே தடிமன்ல இன்னும் ஒரு நாள் கூடுதலா விட்டது நின்னுச்சு. தேச்சது எல்லாத்தையும் அதே அக்காதான், அதே அழுத்தம்தான்.

அப்பறம் மூலப்படத்துக்கு வந்தோம். அவங்க பிரிண்ட் எடுத்தது சுவத்துல மாட்டியிருந்த போட்டோவ செல்போன்ல எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பின படம், நீளவாக்குல 1600 பிக்சல், 16 இன்ச்சுக்கு விரிச்சா இன்ச்சுக்கு 100 புள்ளிதான் வருது. கேன்வாஸ் கொஞ்சம் மறைக்கும், 150 இருந்தா கூட தப்பிச்சுடலாம், 100ல கண்ணிமை எல்லாம் கரைஞ்சு போகும். ஃப்ரேமுலேர்ந்து போட்டோவ கழட்டினா 6க்கு 8 இன்ச், ஸ்கேனர்ல 600 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 600 புள்ளி வெச்சு எடுத்தா 3600க்கு 4800, அத ரெண்டு மடங்கா பெருசாக்கினா கரெக்டா 12க்கு 16, இன்ச்சுக்கு 300. இங்க ஒண்ணு அழுத்தி சொல்லணும், ஒரிஜினல் போட்டோவயே கவுத்து ஒட்டலாமான்னு கேக்கறவங்க இருக்காங்க, வேணவே வேணாம். போட்டோ தாள்ல படம் ஜெலட்டின் படலத்துக்குள்ள இருக்கு, டோனர் மாதிரி கழண்டு வராது, பல தாள்ல ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு வேற, தண்ணி உள்ளயே போகாது. இதுவும் வராது, அதுவும் போயிடும்.

பிரிண்ட் கடைல சொல்ல வேண்டியது: சாதா ஜெராக்ஸ் தாள், 70லேர்ந்து 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தன கிராம்னு தாளோட எடை). போட்டோன்னு சொன்னாலே தடிமனா பளபளா தாள்ல போட்டுக் குடுப்பாங்க, அதுல பூச்சு இருக்கறதால ஊறவும் ஊறாது, வெள்ளைப் படலமும் விட்டுட்டுப் போகும். டோனர மிச்சம் பிடிக்கற டோனர் சேவ் செட்டிங் ஆஃப்ல இருக்கணும். கறுப்பு டோனர் மட்டும் போடச் சொன்னோம், கலர் மோட்ல எடுத்தா கறுப்பு வெள்ளைப் படத்துல லேசா பச்சையோ சிவப்போ அடிக்கும், அதோட கறுப்பு டோனர்ல நிறம் குடுக்கறது கார்பன், வெளிச்சத்துல அவ்ளோ லேசுல மங்காது. கான்ட்ராஸ்ட்ட திரைல பாக்க நல்லா இருக்கறத விட ஒரு படி தூக்கி வெச்சோம், எப்படியும் ஒரு மங்கல் சேரத்தான் போகுதுன்னு. வெள்ளை டோனர்னு சாதா பிரிண்டர்ல கிடையாது, படத்துல வெள்ளையா இருக்கற எடம் எல்லாம் உண்மைல காலி இடம், அங்க தெரியப்போறது கேன்வாஸோட வெள்ளைதான். கெஸ்ஸோ இல்லாத பழுப்பு துணில ஏத்தினா சட்டை, பல்லு, கண்ணு வெள்ளை எல்லாமே பழுப்பாத்தான் வரும்.

ரெண்டாவது ஓட்டம் சத்தமில்லாம போச்சு. மேட் ஜெல்ல விட்டுட்டு கிளாஸ் ஜெல் எடுத்தோம், மேட்ல மினுமினுப்ப கொல்றதுக்கு போட்டிருக்கற பொடியே கறுப்ப சாம்பலாக்கும். மெல்லிசா, வேகமா, எங்கயும் திட்டு இல்லாம தடவணும், மெதுவா பண்ணா ஆரம்பிச்ச பக்கம் காஞ்சு தோல் கட்டிடும். இவ்ளோ பெரிய தாள் ஈரத்துல விரியும், நார் ஓடற திசைக்கு குறுக்க ஜாஸ்தி விரியும், அதனால ஒரே போடா போட்டா சுருக்கம் விழுந்துடும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நடுவுல மொதல்ல தொட வெச்சு ரெண்டு பக்கமும் இறக்கினோம். தேய்க்கறத ஒரே மூச்சுல முடிக்கல, தாளோட தடிமன்ல மேல் பாதிய மட்டும் எடுத்து காய விட்டு, வெள்ளையா பூத்த எடத்த மட்டும் திரும்ப நனைச்சு, அப்படி அப்படி. படத்துல ரெண்டு எடத்துல துளியூண்டு போயிருந்துச்சு, பின்னணிலதான், அத அக்ரிலிக் சாம்பல் கலந்து ஊசி முனை பிரஷ்ல தொட்டு விட்டாங்க.

வேற வழி இருக்கான்னு கேட்டா இருக்கு. வீட்ல இங்க்ஜெட் மட்டும்தான் இருக்குன்னா டிஷ்யூ பேப்பர ஏ4 தாள் மேல டேப் போட்டு ஒட்டி பிரிண்ட் எடுத்து, மை நல்லா காஞ்சப்பறம் படம் மேல பாக்கற மாதிரியே ஒட்டிடலாம், திருப்பவும் வேணாம், தேய்க்கவும் வேணாம், மீடியம் ஊறினதும் டிஷ்யூ கண்ணுக்கு தெரியாம போயிடும், மேல கோட் குடுக்கறப்ப மட்டும் பிரஷ் அழுத்தாம பாத்துக்கணும், மை இழுத்துடும். எனக்கு கேட்டா புது ஆளுக்கு அதான் நல்லது. அசிட்டோன் மாதிரி கரைப்பான் தடவி ஏத்தற முறையும் உண்டு, அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரோஷன்பெர்க் 1950கள் கடைசிலயே லைட்டர் திரவம் போட்டு பத்திரிகைப் படங்கள தாளுக்கு மாத்தி வரைஞ்சிருக்காரு, ஆனா கெஸ்ஸோ பூசின கேன்வாஸ்ல அசிட்டோன் போட்டா அந்த அக்ரிலிக்கும் சேந்து இளகும், நெடி வேற, சட்டுனு தீப்பிடிக்கும், வீட்டுக்குள்ள வெச்சு பண்ற வேலையே இல்ல. அப்பறம் துளி பிசிறு கூட இல்லாம நேர்த்தியா வேணும்ங்கறவங்க நேரா கேன்வாஸ்லயே பிரிண்ட் போட்டு வாங்கிடுங்க, கையால ஏத்தினா எங்கயாவது ஒரு தேய்மானம் இருக்கத்தான் செய்யும்.

பாழான மொத கேன்வாஸ அக்கா தூக்கிப் போடப் போனாங்க, நான்தான் தடுத்தேன். வார்னிஷ் எதுன்னு முடிவு பண்ணாம இருந்துச்சு, அதுல பட்டை பட்டையா கிளாஸ் (பளபளப்பு), சாட்டின் (நடுத்தரம்), மேட் (பளபளப்பு இல்லாதது) மூணும் பூசிப் பாத்தோம், எல்லாமே யூவி தடுக்கற வகை. கிளாஸ்ல கறுப்பு ஆழமா இருந்துச்சு, ஆனா மாட்டப் போற சுவத்துக்கு எதிர்ல டியூப் லைட், வெச்சுப் பாத்தா முகத்துக்கு மேல ஒரு வெள்ளைக் கோடு அடிக்குது. மேட்ல கோட்டு சாம்பலாயிடுச்சு. சாட்டின் தேறிச்சு. புதுசுல மொதல்ல கிளாஸ் மீடியம் ஒரு கோட், அது நல்லா இறுகினப்பறம் சாட்டின் ரெண்டு மெல்லிசு கோட் குடுத்தாச்சு. பழசுல உரிஞ்ச பக்கம் எல்லாம் உப்புத்தாள் போட்டு மட்டம் பண்ணி கெஸ்ஸோ பூசி வெச்சிருக்காங்க, அடுத்து பேத்தி போட்டோவாம், கலர்ல.